ஒற்று மிகும் இடம்

அட்டையில் ஒரு ‘ப்’ இல்லை.

ரயில் நிலைய வாசலில், கடிகாரத்துக்குக் கீழே, சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒரு பெண் நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்த அட்டையில் ‘ரகசிய பயணம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. ‘ரகசியப் பயணம்’ என்றல்லவா இருக்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கே ஒற்றையாவுக்குப் பல் கூசியது.

அச்சகத்தில் நாற்பத்தொரு வருஷம் பிழை திருத்தியவர் அவர். விட்டுப்போன ஒற்றெழுத்துகளைத் தேடிப் பிடித்துப் போட்டே பேர் வாங்கியதால் அங்கே எல்லோருக்கும் அவர் ‘ஒற்றையா’. அவர் போட்ட க், ச், த், ப்பையெல்லாம் வரிசையாக நிற்கவைத்தால் நிலாவைத் தொட்டுவிட்டுத் திரும்பி வருவதற்கும் மிச்சம் இருக்கும். ஓய்வுபெற்று ஆறு மாதம் ஆகியும் சட்டைப்பையில் அந்தச் சிவப்பு மெழுகுப் பென்சில் இருந்தது. தாள், அட்டை, கண்ணாடி எதன்மேலும் எழுதும். கல்யாணப் பத்திரிகை, கடைப் பலகை, தைல பாட்டில் எதுவும் அதனிடமிருந்து தப்பியதில்லை.

இந்தச் சுற்றுலா வெளியூரில் இருக்கும் மகளின் பரிசு. நாள் முழுக்க, அவர் ஒருவருக்கு மட்டும், வழிகாட்டியோடு: ஒற்றர்கள் நடந்த தெருக்கள், ஒளிந்த அறைகள், ஒட்டுக்கேட்ட சுவர்கள். “ஒற்றுக்காரருக்கு ஒற்றர் சுற்றுலாப்பா,” என்று தன் சிலேடைக்குத் தானே சிரித்துவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.

அவர் போக மாட்டேன் என்றுதான் சொன்னார். மனைவிக்கு இரண்டு கண்ணிலும் அறுவை முடிந்து ஆறு நாளாகக் கட்டு. இன்று மாலை ஆறு மணிக்குக் கட்டைப் பிரித்து, சொட்டு மருந்து விட்டு, கண்ணைத் திறந்துவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“அஞ்சு மணி வரைக்கும் தங்கச்சி கூட இருப்பா. நீங்க கிளம்புங்க. ஒரு நாளாவது என்னைத் திருத்தாம விடுங்க,” என்றாள் மனைவி. அவர் செருப்பு மாட்டும்போது மறுபடி குரல் வந்தது. “ஏங்க, ஆறு மணிக்கு வந்துடணும். கண்ணைத் திறந்ததும் முதல்ல உங்க மூஞ்சியைத்தான் பாக்கணும். அதைப் பாத்துட்டா அப்புறம் எதைப் பாத்தாலும் பயம் வராது.”

“அஞ்சரைக்கே வந்துடறேன், தலைப்பு.”

வாயைத் திறந்தால் செய்தித்தாள் தலைப்பு மாதிரி நறுக்கென்று பேசுகிறவள் என்பதால், கல்யாணமான வருஷமே அவர் வைத்த பெயர் அது.

“இதுல ஒரு ப் விட்டுப்போச்சும்மா,” என்றார், அட்டையோடு நின்ற வழிகாட்டியிடம். “ஒற்றர் சுற்றுலாவுல ஒற்றையே காணோம்.”

அவள் சிரிக்கவில்லை. அவருடைய சட்டைப்பையைப் பார்த்தாள். “நீங்களே போட்டுடுங்க சார்.”

போட்டார். அவர் எழுதி முடிக்கும்வரை அவள் கண் பென்சிலை விட்டு நகரவில்லை.

பிறகு ஒரு துணிப்பையை நீட்டினாள். “செல்போன், சாவி, அடையாள அட்டை மூணையும் இதுல போடுங்க சார். ஒற்றனுக்குச் சொந்தப் பேர் கிடையாது. சாயங்காலம் போய்ச் சேர்ந்துடும். இன்னைக்கு உங்க பின்னாடியே எங்க ஆள் ஒருத்தர் வருவார். அவரைக் கண்டுபிடிச்சுட்டா நீங்க ஜெயிச்சீங்க.”

“கண்டுபிடிக்கலேன்னா?”

“இதுவரைக்கும் யாரும் திரும்பி வந்து குறை சொன்னதில்ல சார்.”

சுற்றுலாவா அது. முதலில் காட்டிய மாளிகை பூட்டிக் கிடந்தது. பூட்டை அரை மணி நேரம் காட்டினாள். இரண்டாவது இடம் ஒரு மாடிப்படி, ஈரச் சாக்கும் எலியும் கலந்த நாற்றம். மூன்றாவது ஒரு தபால் பெட்டி, பார்க்கத் தபால் பெட்டி மாதிரியே இருந்தது. ஒவ்வோர் இடத்திலும் அவள் ஒரு சீட்டை எடுத்துப் படித்தாள், படித்த ஒவ்வொரு வருஷமும் தப்பு, ஒற்றர்கள் செத்தபிறகு பிறந்தார்கள், பிறப்பதற்கு முன்னால் பிடிபட்டார்கள். ஒற்றையாவுக்கு மண்டைக்குள் மிளகாய் அரைத்த மாதிரி இருந்தது.

“திரும்பிப் பாக்காதீங்க சார். கடைக் கண்ணாடியில பாருங்க,” என்றாள்.

பார்த்தார். துணிக்கடைக் கண்ணாடி, மருந்துக்கடைக் கண்ணாடி, மூடிக்கிடந்த வங்கியின் கறுப்புக் கண்ணாடி. ஒரு கிழவர், இரண்டு பள்ளிக்கூடப் பெண்கள், அட்டைப்பெட்டி தள்ளிக்கொண்டு போகிறவன். எல்லாவற்றிலும் ஓர் ஓரத்தில் மட்டும் வெறுமையான ஓர் இடம் இருந்தது, யாரோ இப்போதுதான் நகர்ந்துபோன மாதிரி. அதைவிட எரிச்சலான விஷயம் சத்தம். அவர் நடந்தார், செருப்பு ‘சரக் சரக்’ என்றது. நின்றார். நின்றபிறகு ஒரு ‘சரக்’ மிச்சமாகக் கேட்டது. வாக்கியம் முடிந்தபின் விழுந்த இரண்டாவது முற்றுப்புள்ளி போல.

“உங்க ஆளுக்கு நடக்கத் தெரியல. நான் நின்னா அவரும் உடனே நிக்க வேண்டாமா? அரை அடி தாமதமாகுது.”

“சொல்லிடறேன் சார்,” என்றாள், யாரிடமும் எதுவும் சொல்லாமல்.

அடுத்த தெருவில் அந்த மிச்சக் காலடி கேட்கவில்லை. ஒற்றையாவுக்குத் திருப்தியாக இருந்தது. அதற்காக அவர் பிற்பாடு தம்மை மன்னிக்கவே இல்லை.

பன்னிரண்டு மணிக்கு ஒரு பழைய நூலகத்தின் நிலவறைக்குக் கூட்டிப்போனாள். நீளமான மேஜை, ஒரே ஒரு விளக்கு, புழுங்கிய காகித வாசனை. அந்த வாசனைக்கு மட்டும் அவருக்கு மனசு கொஞ்சம் இளகியது. மேஜைமேல் ஒரு கோப்பு இருந்தது.

“ஒற்றன்னா முதல்ல ஓர் ஆளை முழுசாப் படிக்கணும் சார். இன்னைக்கு உங்க இலக்கு இவர்தான்.”

திறந்தார். அவரேதான். மகள் சொல்லியிருப்பாள், பாதியைத் தப்பாக; அவள் எப்போதுமே அப்படித்தான்.

ஒன்று: ‘வீட்டுக்கு வந்தால் கதவை இரண்டு முறை தட்டி விட்டு திறப்பார்.’ இதில் எத்தனை தப்பு. ‘விட்டுத்’ என்று ஒற்றைப் போட்டார். அப்படியே ‘இரண்டு’ என்பதன்மேல் கோடு இழுத்து, வாலைச் சுழித்து, ‘இதை எடுத்துவிடு’ என்கிற அச்சக நீக்கற்குறி போட்டுவிட்டு ‘மூன்று’ என்று எழுதினார். கட்டுப் போட்ட நாளிலிருந்து அவள் பதறக் கூடாது என்று சாவியிருந்தாலும் தட்டுவார்: மூன்று தட்டு, பிறகு ஓர் இருமல். இருமலை ஓரத்தில் சேர்த்தார்.

‘மனைவியைக் கண்ணே என்பார்.’ தூ. கோடு, சுழி. ‘தலைப்பு.’

‘சொட்டு மருந்து முதலில் இடது கண்ணுக்கு.’ கோடு, சுழி. ‘வலது.’

எட்டுப் பக்கம். எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், குடையை எந்தக் கையில் பிடிப்பார், சிரிப்பதற்கு முன்னால் மூக்கை எப்படி உறிஞ்சுவார். அத்தனையும் தப்பு. அத்தனையையும் திருத்தினார், கழுத்து வலிக்க, சாப்பாட்டையும் மறந்து. பிழையோடு ஒரு தாளைக் கையைவிட்டு அனுப்பினால் அவருக்குத் தூக்கம் வராது.

கடைசி வரியில் மட்டும் பென்சில் நின்றது. ‘கை நடுங்காது.’

போன வருஷத்திலிருந்து நடுங்குகிறது. அறுவைக்கு முன்பு தினமும் மருந்து விடும்போது இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார். இரண்டு சொட்டு கன்னத்தில் விழும், மனைவி புறங்கையால் துடைத்துக்கொள்வாள். ஒற்றையா அந்த வரியை இரண்டு தரம் படித்தார். வழிகாட்டி பார்த்துக்கொண்டிருந்தாள். அதை அப்படியே விட்டுவிட்டுக் கோப்பை மூடினார். நாற்பத்தொரு வருஷத்தில் தெரிந்தே விட்ட ஒரே பிழை.

“இவ்வளவு சுத்தமா யாரும் திருத்திக் கொடுத்ததில்ல சார்,” என்றாள். கோப்பை ஒரு புத்தக அடுக்குக்குப் பின்னால் இருந்த பிளவில் செருகச் சொன்னாள். “உங்க கையில இருக்கிற குடையையும் இங்கயே விட்டுடுங்க. எங்க ஆள் வந்து எடுத்துக்குவார்.”

வெளியே வந்தபிறகுதான் பென்சிலும் கோப்போடு போய்விட்டது தெரிந்தது. திரும்பினார். கதவு பூட்டியிருந்தது. பூட்டில் தூசு படிந்திருந்தது.

மூன்றரைக்குக் கடைசி இடம்: ஒட்டுக்கேட்கும் அறை. சுவர் முழுக்கப் பஞ்சு அடைத்த பழுப்புத் துணி, ஜன்னல் கிடையாது, ஒரு நாற்காலி, காதில் மாட்டிக்கொள்ளும் கருவி. கருவியில் வேறு யாரோ வைத்த சூடு இன்னும் இருந்தது.

முதலில் கரகரப்பு. பிறகு மூச்சு. பிறகு, மரத்தில் யாரோ தட்டும் சத்தம். இரண்டு தட்டு. ஓர் இடைவெளி. மூன்று தட்டு. மூன்று தட்டு. இருமல், ஏதோ ஓர் ஆளின் இருமல். மறுபடி இருமல், கொஞ்சம் ஆழமாக. மறுபடி, தொண்டையில் ஒரு சிறு சளியோடு.

அது அவருடைய இருமல்.

“தலப்பு,” என்றது குரல். “தலைப்பு. அஞ்சரைக்கே வந்துடறேன், தலைப்பு.” ஒவ்வொரு தடவையும் கிட்டே வந்தது. கடைசித் தடவை தம் வாய்தான் அசைகிறதோ என்று ஒற்றையா உதட்டைத் தொட்டுப் பார்த்தார்.

அஞ்சரை என்று கோப்பில் இல்லை. அதை அவர் வீட்டு வாசலில், இன்று காலை, செருப்பு மாட்டும்போது சொன்னார்.

கருவியைப் பிடுங்கி எறிந்தார். “போதும்மா. என் சாவியைக் குடுங்க. நான் கிளம்பணும்.”

அறையில் யாரும் இல்லை. கதவு உள்பக்கம் கைப்பிடி இல்லாத கதவு. தட்டினார், உதைத்தார், திட்டினார், கோபத்தில் கூட இலக்கணம் தவறாமல் திட்டினார். பஞ்சுச் சுவர் எல்லாவற்றையும் குடித்தது. எவ்வளவு நேரமோ. பிறகு கதவு தானாகவே, வேலை முடிந்த மாதிரி, திறந்துகொண்டது. வெளியே வெயில் சாய்ந்திருந்தது. எதிரே ரயில் நிலையக் கடிகாரத்தில் ஐந்தேகால். கீழே அந்த அட்டை சாத்திவைத்திருந்தது, அவர் போட்ட சிவப்புப் ‘ப்’போடு.

வீடு முக்கால் மணி நடை. ஓடினார். அறுபத்தொரு வயதுக் கால் எவ்வளவு ஓடுமோ அவ்வளவு.

பாலத்தைத் தாண்டும்போது முன்னால் ஓர் ஆள் போவது தெரிந்தது. முதுகு மட்டும். இடது கையில் குடை, அவருடைய குடை, கைப்பிடியில் அவர் சுற்றிய பச்சை நூல். ‘சரக் சரக்.’ இவர் வேகமாகப் போனால் அவனும் வேகம். இவர் மூச்சு வாங்க நின்றால் அவனும் நின்றான். உடனே நின்றான். அரை அடிகூட மிச்சமில்லை.

காலையிலிருந்து அவனைப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார். அவன் முன்னால் போய்க்கொண்டிருந்தான்.

சிக்னலில் அவனுக்கு வழிவிட்ட வண்டிகள் இவருக்கு விடவில்லை. “என் குடை, அவனைப் பிடிங்க,” என்றார் ஒரு கடைக்காரரிடம். கடைக்காரர் இவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கல்லாவை இழுத்து மூடினார்.

முட்டுச்சந்து. அவர் வீடு கடைசி வீடு. திருப்பத்தில் நுழைவதற்கு முன்பே கேட்டது.

தட்டு. தட்டு. தட்டு.

இருமல்.

சாவி திரும்பும் சத்தம். உள்ளே தாழ் விழும் சத்தம்.

கதவில் மோதினார். “தலைப்பு. நான்தான். திறக்காத. இல்ல, திற. தலைப்பு.”

உள்ளே மனைவியின் குரல், நடுக்கத்தோடு. “ஏங்க, வெளிய யாரோ உங்களை மாதிரியே பேசறாங்க.”

“சுற்றுலாக்காரன்,” என்றது அவருடைய குரல், மூக்கை ஒரு தரம் உறிஞ்சிவிட்டு. “காலையிலேர்ந்து என்னைக் காப்பி அடிச்சுட்டே வரான். இன்னும் சரியா வரல அவனுக்கு.”

அவள் சிரித்தாள்.

சுவரைப் பிடித்துக்கொண்டு படுக்கையறை ஜன்னலுக்குப் போனார். அது திறக்காத கண்ணாடி. அடித்தார். உள்ளே விளக்கு எரிந்தது. கட்டிலில் அவள். அவள்மேல் குனிந்து ஒரு முதுகு, அவருடைய வழுக்கை, அவருடைய சட்டை. கட்டின் கடைசிச் சுற்றுப் பிரிந்தது. முதலில் வலது கண். ஒரு சொட்டு. பிறகு இடது. ஒரு சொட்டு. கன்னத்தில் ஒன்றும் விழவில்லை.

“அட. இன்னைக்குக் கை நடுங்கவே இல்லையே,” என்றாள். எவ்வளவு சந்தோஷம் அந்தக் குரலில்.

கண்ணைத் திறந்தாள். குனிந்திருந்த முகத்தை வெகுநேரம் பார்த்தாள். விரலால் நெற்றி, மூக்கு, தாடை என்று தடவினாள்.

“ஒரு பிழைகூட இல்ல,” என்றாள்.

ஒற்றையா கண்ணாடியைக் குத்தினார். அவள் திரும்பினாள். ஆறு நாள் கழித்துத் திறந்த கண், நேராக அவரைப் பார்த்தது. அவர் கையைத் தூக்கினார். இருமிக் காட்டினார். அவள் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

“யாருங்க அது?”

அவன் எழுந்து ஜன்னலுக்கு வந்தான். விளக்கு முதுகுப் பக்கம் இருந்ததால் முகம் இருட்டு. சட்டைப்பையிலிருந்து சிவப்பு மெழுகுப் பென்சிலை எடுத்தான். கண்ணாடியில், ஒற்றையாவின் முகம் இருந்த இடத்தில், நெற்றியில் வைத்துத் தாடைவரை ஒரு கோடு இழுத்தான். நேரான கோடு. பிறகு, அவசரமில்லாமல், அதன் வாலைச் சுழித்தான்.

கை நடுங்கவில்லை.