பிலிமில் ஒரு வெள்ளைப் படிவு

அலசி, துணியால் துடைத்து, கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டிருந்த பிலிமில் ஒரு வெள்ளைப் படிவு தெரிந்தது. உப்பு என்றுதான் மருதையன் நினைத்தான். கோவில்பத்தில் எந்த வீட்டுப் பம்பை அடித்தாலும் உப்புத் தண்ணீர்தான். சோறு வடிக்கிற பானையே வெள்ளை பூத்துப்போகிறது, பிலிமை விட்டுவைக்குமா? காரைக்காலில் கலர் பிலிமை வீட்டிலேயே கழுவுகிற ஆள் நான் ஒருத்தன்தான் என்று ஆபீசில் மார்தட்டித் திரிகிறவனுக்கு நன்றாக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. ஜன்னலில் கம்பளி அடித்த அந்தச் சின்ன அறைக்குள், பிரான்சிலிருந்து லீவில் வந்த சிநேகிதன் ஓகுஸ்தேன் கொடுத்த மருந்துகளின் புளித்த நெடியும், நனைந்த கம்பளியின் வாடையும், இரண்டுக்கும் அடியில் பாசி பிடித்த படிக்கட்டில் வருமே அந்த மாதிரி ஒரு வாடையும் அடித்தன. அந்த மூன்றாவது எங்கிருந்து வருகிறது என்று மோந்து மோந்து பார்த்தும் அவனுக்குப் பிடிபடவில்லை.

பிலிமைப் பல்புக்கு நேரே பிடித்தான். போன வாரம் திருநள்ளாற்றில் எடுத்தது. டைபாய்டில் கிழிந்த நாராய்க் கிடந்து, டாக்டர் கைவிரித்த பிறகும் பிழைத்தெழுந்த மகள் லோகுவைக் குளத்தில் முழுக்காட்டப் போயிருந்தார்கள். பீடை அதோடு ஒழியட்டும் என்று முழுகின துணியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். லோகுவுக்கு ஏழு வயசு. ஒரே பிள்ளை. பிழைத்த பிள்ளையைக் கலரில் பார்க்க அவனுக்கு அவ்வளவு ஆசை.

படிவு லோகு இருக்கிற படங்களில் மட்டும் இருந்தது. கோபுரத்தில் இல்லை. பஸ் ஸ்டாண்டில் இல்லை. அவன் மனைவி ராசாத்தி தனியாக நின்ற படத்திலும் இல்லை. லோகு நின்ற படங்களில், ஓரத்தில், வெளேரென்று ஒரு திட்டு.

அதெப்படி? உப்புக்கு ஆள் தெரியுமா?

"ராசாத்தி! என் பக்கெட்டுல கை வச்சியா?"

"உங்க விஷத்தை யாருங்க தொடுவா?" என்று கொல்லைப் பக்கமிருந்து குரல் வந்தது.

பொய். சோப்புக் கையை விட்டிருப்பாள், கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டாள். முணுமுணுத்துக்கொண்டே, பேட்டரிக்கு ஊற்றுகிற தண்ணீர் கேனை உடைத்துப் பிலிமை மறுபடி அலசினான். இதில் உப்பே கிடையாது. முதலில் துடைத்த அதே துணியை இரண்டாக மடித்து, பிலிமை நடுவில் கொடுத்து, மேலிருந்து கீழே ஒரே இழுப்பாகத் துடைத்தான். பல்புக்கு நேரே தூக்கினான்.

திட்டு ஓரத்தில் இல்லை. லோகுவின் தோளுக்குப் பக்கத்தில் நின்றது.

அட, ஓகுஸ்தேனே! கெட்டுப்போன மருந்தைச் சிரித்துக்கொண்டே தலையில் கட்டிவிட்டாயா? அவனைத் திட்டித் தீர்த்தபடி, வெந்நீரில் சூடேற்றின கடைசி மருந்தில் பிலிமைத் திரும்பவும் முக்கி, அலசி, துடைத்துப் பார்த்தான். இப்போது திட்டுக்குத் தலை இருந்தது. குனிந்த முதுகு இருந்தது. நீட்டிய கை லோகுவின் உச்சியில் படிந்திருந்தது. உப்பானால் நகத்துக்குத் தட்டுப்படும். சுரண்டினான். வழவழ. இரண்டு பக்கமும் வழவழ.



கடைசியாக ஒருமுறை அலசினான். இந்தத் தடவை துடைக்காமல், சொட்டச் சொட்டப் பல்புக்கு நேரே பிடித்தான். படம் பளிச்சென்று இருந்தது. லோகு மட்டும்தான். பக்கத்தில் யாரும் இல்லை.

அப்படியானால் தண்ணீர் இல்லை. மருந்தும் இல்லை.

கையிலிருந்த துணியைப் பார்த்தான். மூக்கருகே கொண்டுபோனான். பாசி வாடை.

கதவு திறந்தது. ராசாத்தி நின்றாள். அவள் கண் நேரே துணிக்குப் போனது.

"இது லோகு பாவாடையில்ல? முழுகும்போது கட்டியிருந்தது."

அவன் துணியை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான்.

"குளத்துல விட்டுட்டு வாங்கன்னு உங்க கையிலதானே குடுத்தேன்? விட்டுட்டேன்னு சொன்னீங்களே!"

"மெல்லிசு வாயில் துணிடி. பழசு. பஞ்சு மாதிரி இருந்துச்சு. பிலிம் துடைக்க இந்த மாதிரி மெத்துன்னு எங்க கிடைக்கும்? அதான் கேமரா பையில..."

"அடப்பாவி மனுஷா!" அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "புள்ளைய விட்டுப் போவட்டும்னு விடுற துணிய வீட்டுக்கு யாராவது கொண்டாருவாங்களா?"

"லோகு எங்க?"

"தலைக்கு ஊத்திக் கொல்லைத் தாழ்வாரத்துல உக்கார வச்சிருக்கேன். துவட்டிவிடத் துண்டு எடுக்கத்தான் உள்ள வந்தேன்."

துண்டு அவள் தோளில் காய்ந்து கிடந்தது.

கொல்லைப் பக்கம் மழைச் சத்தம். அதற்குள்ளே லோகுவின் குரல், சிணுங்கலாக.

"மெதுவாப்பா. வலிக்குது."

இருவரும் ஓடினார்கள். வாசல்படியில் நின்றுவிட்டார்கள்.

லோகு பலகைமேல் முதுகைக் காட்டாமல் இவர்களைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். சீயக்காய் எரிச்சலுக்குக் கண்ணை இறுக்க மூடியிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. அவள் ஈரத்தலைமயிர் இரண்டாகப் பிரிந்தது. மேலே எழும்பியது. முறுக்கிக்கொண்டது. தண்ணீர் சொட்டியது. தலை இந்தப் பக்கம் ஆடியது. அந்தப் பக்கம் ஆடியது.

"அப்பா, போதும்ப்பா. உன் கை சில்லுன்னு இருக்கு."

நான் இங்கே இருக்கேன்டி என்று கத்தத்தான் மருதையன் வாயைத் திறந்தான். காற்றுதான் வந்தது. கால் நகரவில்லை.

முடி அசைவது நின்றது.

லோகுவின் முகவாய் மெல்ல உயர்ந்தது. அவளாக உயர்த்தவில்லை. நெற்றித் தோல் கீழ்நோக்கி இழுபட்டது. மேலிருந்து கீழே. ஒரே இழுப்பாக. புருவம் இறங்கியது. மூக்கு அமுங்கியது. வாய் அமுங்கியது.

"அப்..."

பலகையின்மேல் இரண்டு சின்னக் கால்கள் உதைத்துக்கொண்டிருந்தன.