நேரப்பொருத்தம்

காலை 6.42. குளியலறையில் என் பல்துலக்கி சிணுங்கியது. ஒரு நொடி முந்தினாலும் பிந்தினாலும் அது சுழலாது. வழக்கமாக எரிச்சல் வரும். இன்று பாடிக்கொண்டே பல் துலக்கினேன். என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள்!

ஒவ்வொருவர் வாயிலும் கிருமிகள் ஒவ்வொரு வேளையில் விழிக்குமாம். எச்சிலை அளக்கும் உமிழ்மானி அந்த நிமிடத்தைக் கண்டுபிடித்துத் தரும். அந்த நிமிடத்தில் பல் துலக்கி, சரியாக அரைமணி கழித்துச் சாப்பிட்டால் சாகும்வரை சொத்தை கிடையாது. வேளை தவறிச் சாப்பிட்டாலோ, கடைவாயில் பதித்த வேளைமணி அலறும். பல்காப்புத் திட்டத்திலிருந்து பெயர் போய்விடும். அப்புறம் எந்தப் பல் மருத்துவரும் நம்மைத் தொடமாட்டார்.

எங்கள் வீட்டில் மூன்று பேர், ஆளுக்கொரு வேளை. பால்குடி மறந்ததிலிருந்து நான் தனியாகவே சாப்பிடுகிறேன். அதனால்தான் இப்போதெல்லாம் ஜாதகத்தை யாரும் சீண்டுவதில்லை, நேரப்பொருத்தம்தான். தரகர் கொடுத்த சான்றிதழில் மாப்பிள்ளை இளம்பரிதியின் நேரம் 6.50. எட்டே நிமிட வித்தியாசம்! ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடலாம். ஒரு வாரமாக எனக்குத் தூக்கமே இல்லை.

ஒன்பதரைக்கு இளம்பரிதி மட்டும் வந்தார். உட்காரவே இல்லை.

"தப்பா நினைக்காதீங்க மாமா. போன மாசம் காய்ச்சல் வந்துச்சு. திரும்ப அளந்து பார்த்தா 9.15ன்னு காட்டுது. பொய் சொல்லிக் கட்டிக்க மனசு வரல. அதான் நேர்ல சொல்லிட்டுப் போகலாம்னு."

அப்பா எழுந்துவிட்டார். "நல்ல பையன்தான். ஆனா பொருத்தம் இல்லியேப்பா."

வேறு யாராவது இப்படி வந்து உண்மையைச் சொல்லியிருப்பார்களா? எனக்கு இவர்தான் வேண்டும்.

அப்போது மணி 9.45, அவர் சாப்பிடும் வேளை. இளம்பரிதி சங்கடத்தோடு சட்டைப் பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து, தனியாகச் சாப்பிடும் வழக்கப்படி சுவர்ப்பக்கம் திரும்பினார். நான் போய் எதிரில் நின்று, ஒரு முறுக்கைப் பிடுங்கிக் கடித்தேன். வேளைமணி மண்டைக்குள் அலறியது.

"அடியே மங்கை, பல்லு போச்சுடி!" என்று கத்தினார் அப்பா.

"போறப்ப போகட்டும்ப்பா. இன்னிக்கு முப்பத்திரண்டும் இருக்குல்ல!"

இளம்பரிதி சிரித்துவிட்டார். அவரும் கடித்தார். மொறுக்கென்று ஒரு சத்தம். இன்னொருவர் முறுக்குக் கடிக்கும் சத்தத்தை இருபத்தாறு வயதில் முதன்முதலாகக் கேட்டேன். சந்தோஷத்தில் எனக்குக் கைகால் நிலைகொள்ளவில்லை.

"எனக்கு ஒண்ணு குடும்மா." அம்மா குரல்.

வாங்கிய முறுக்கை அம்மா இரண்டாக உடைத்தாள். கல்யாணமாகி முப்பது வருடம். இருவர் வேளைக்கும் நடுவே இரண்டு மணி நேரம். ஒரு பாதியை அப்பாவிடம் நீட்டினாள்.

அப்பா அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வாங்கி, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார்.