இரண்டாவது சாதனம்

ஃபெர்மின் அனுப்பிய செய்தியை லிடியா திறப்பதற்கு முன்பே யாரோ படித்துவிட்டிருந்தார்கள்.

மதியம், மாதா கோயில் மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்த நேரம். தையல் மிஷினுக்குப் பக்கத்தில் கிடந்த போன் ஒருமுறை அதிர்ந்தது. கையிலிருந்த காலரை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று விட்டாள். எடுத்துப் பார்த்தபோது, புதிய செய்திக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய பச்சைப் புள்ளி இல்லை. ‘நாளைக்கு ரெண்டு மணி பஸ். வெறும் வயித்தோட ஏறாத, மலைப்பாதை’ என்று ஃபெர்மின் எழுதியிருந்தான். அவள் இப்போதுதான் முதல்முறையாகப் படிக்கிறாள். போனுக்கோ அது பழைய செய்தி.

தூக்கக் கலக்கத்தில் நானே திறந்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு வாரமாகப் பதினான்கு மணி நேர வேலை. பள்ளிச் சீருடைகளை முடித்துக் கொடுக்காமல் முதலாளி கணக்குத் தீர்க்க மாட்டார். கண்ணுக்குள் மணல் அரைத்தது, முதுகு தன்னுடையது போலவே இல்லை. ஆனால் மூன்று மணிக்குள் இன்னும் மூன்று செய்திகள் வந்தன. மூன்றும் அவளுக்கு முன்பே படிக்கப்பட்டிருந்தன.

ஃபெர்மின் இதே பட்டறையில் துணி வெட்டியவன். எட்டு மாதத்துக்கு முன் தெற்கே தரிஹா நகருக்குப் போய்ச் சின்னதாகக் கடை போட்டான். இரண்டு மிஷின், அதில் ஒன்று உனக்கு, வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். போன வாரம்தான் அவளுக்குத் துணிவு வந்து டிக்கெட் எடுத்தாள். இந்தப் பஸ்ஸை விட்டால் இனி ஜென்மத்துக்கும் எந்தப் பஸ்ஸிலும் ஏறமாட்டோம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

வேலை முடிந்ததும் நேரே சந்தை மூலைக்குப் போனாள். அங்கே போன் பழுதுபார்க்கும் பூரா என்பவள், நெற்றியில் பூதக்கண்ணாடியும் கன்னத்தில் அடக்கிய கோகா இலையுமாக உட்கார்ந்திருந்தாள்.

“யாரோ என் செய்தியெல்லாம் படிக்கிறாங்க, அக்கா.”

“யாரு, புருஷனா?”

“அவர் செத்து மூணு வருஷம் ஆச்சு.”

“அப்ப புருஷனோட அக்காவா இருக்கும். அந்த ஜாதிக்குத்தான் சாவே கிடையாதே. குடு இப்படி.” பூரா இரண்டு இடத்தில் தட்டினாள். “இங்க பாரு, இணைக்கப்பட்ட சாதனங்கள். உன் கணக்கு வேற எந்தப் போன்ல திறந்திருந்தாலும் இதுல காட்டிக்குடுத்துடும். ஒண்ணு, இந்தப் போன். ரெண்டு…” மெல்லுவதை நிறுத்தினாள். “செவேரோ யாரு?”

லிடியா எட்டிப் பார்த்தாள். செவேரோவின் போன். இணைத்தது ஐந்து வருடத்துக்கு முன். மறுபடி செயலுக்கு வந்தது: இன்று, 12:00.

“அவர்தான்” என்றாள். “என் புருஷன்.”

“பாத்தியா, உனக்கே தெரியாம கூடவே கட்டி வெச்சிருக்கான். அந்தப் போன் இப்ப யார்கிட்ட இருக்கு?”

“பெட்டில வெச்சோம்.”

“பெட்டின்னா? டிரங்குப் பெட்டியா?”

“சவப்பெட்டி.”

பூரா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு, பிழைப்பைப் பார்க்க வேண்டியவள் போல, சிரித்துச் சமாளித்தாள். “எவனாவது தோண்டி எடுத்து வித்திருப்பான். போன மாசம் ஒருத்தன் என்கிட்டயே தங்கப்பல்லு கொண்டுவந்தான், போன் கடைக்கு! இதோ, வெளியேத்திட்டேன். போச்சு. தலை முழுகிட்டு நிம்மதியா தூங்கு. உன்னப் பாத்தா நாலு நாள் தூங்காதவ மாதிரி இருக்க.”

பட்டியலில் இப்போது ஒரே ஒரு போன்தான் இருந்தது. கேபிள் காரில் நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தபடி வீடு திரும்பும்போது, கீழே கூரைகளெல்லாம் நகர்ந்துபோக, கட்டிய பதினொரு வருடமும் அவளுக்கு நினைவு வந்தது. செவேரோ மினிபஸ் ஓட்டினான். ஓட்டிக்கொண்டே நாளுக்கு இருபது தடவை ‘எங்க இருக்க? போட்டோ அனுப்பு’ என்பான். சில நாள் வண்டியை ஓரங்கட்டிவிட்டுச் சத்தமில்லாமல் வந்து, காய்கறி வாங்கிக்கொண்டிருப்பவளைப் பின்னாலிருந்து படமெடுப்பான். ராத்திரி அதைக் காட்டி, “நான் வந்ததுகூடத் தெரியல உனக்கு” என்பான். அவன் எடுத்த எல்லாப் படத்திலும் மூலையில் அவனுடைய கட்டைவிரல் விழுந்திருக்கும். கடைசிவரை அவனுக்குப் போனைச் சரியாகப் பிடிக்க வரவில்லை. அவன் செத்தபோது அவள் அழுததில் பாதி நிம்மதி. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் போனைப் பெட்டியில் வைத்தவள் அவனுடைய அக்கா ஹோர்ட்டென்சியா. வழியில் தேவைப்படும் என்று முழுக்கச் சார்ஜ் ஏற்றிக் கையில் சொருகினாள். அவளேதான் இப்போது அழைத்தாள்.

“தம்பிக்கு மேஜை போட்டியாடி?”

“போட்டேன், அண்ணி.” போடவில்லை. கல்லறைத் திருநாளுக்கு வீடு வரும் ஆவிக்கு வைக்கும் படையல் அது. மாவு பிசைய, அடுப்புக்குத் தூக்க, பலகாரம் அடுக்க, உடம்பில் தெம்பு எங்கே இருக்கிறது? கடையில் வாங்கிய இரண்டு ரொட்டி பைக்குள்ளேயே கிடந்தது.

“மூணாவது வருஷம், இதுதான் கடைசி, ஞாபகம் இருக்கட்டும். இன்னிக்கு மதியம் வந்தவன் நாளைக்கு மதியம் கிளம்பணும், அதோட சரி. பன்னெண்டு அடிக்கிறப்ப எதிர்ல உக்காந்து வாய்விட்டு ‘போங்க’ன்னு சொல்லணும். பழக்க தோஷத்துல ‘போயிட்டு வாங்க’ன்னு சொல்லி வெக்காத. அப்புறம் வந்துதான் நிப்பான், என் தம்பிய எனக்குத் தெரியாதா?”

கதவைத் திறந்ததும் டீசல் வாசனை அடித்தது. தெருவில் லாரி போயிருக்கும் என்று சன்னலைச் சாத்தினாள். சாத்திய பிறகு வாசனை கூடியது. அதனடியில் மெல்லிசாக யூகலிப்டஸ் மிட்டாய் வாசனை, தூக்கம் வராமலிருக்கச் செவேரோ வண்டியில் ஓயாமல் சப்பிக்கொண்டிருப்பானே, அது. தகரக் கூரை வெயிலிறங்கிய குளிரில் டக், டக் என்று சுருங்கிக்கொண்டிருந்தது. தினமும் கேட்கிற சத்தம்தான். இன்றைக்கு அதை எண்ணவேண்டும் போலிருந்தது.

போன் அடித்தது. ஃபெர்மின்.

“லிடியா, என்ன இப்படி எழுதிட்ட? நான் என்ன தப்பு பண்ணினேன்?”

“நான் எதுவும் எழுதலயே.”

“‘வரல. என்னைத் தேடாத.’ இப்பதான் வந்தது, உன் பேர்லதான்.”

“அது நானில்ல. நாளைக்கு ரெண்டு மணிக்கு நான் பஸ்ல இருப்பேன். வேற என்ன வந்தாலும் நம்பாத, புரியுதா?”

பட்டியலைத் திறந்தாள். இரண்டு. செவேரோவின் போன்: இப்போது செயலில். வெளியேற்றினாள், போனது. திரும்பப் பார்த்தாள், இருந்தது. மறுபடி. மறுபடி. ஏழு தடவை விரட்டியும், பலகாரத்தில் உட்கார்ந்த ஈ மாதிரி ஏழு தடவையும் திரும்பி வந்தது. பயத்தைவிட ஆத்திரம்தான் முதலில் வந்தது. செத்த பிறகுமா? மண்ணுக்குள் போன பிறகுமா விடமாட்டாய்?

அன்று இரவும் தூக்கமில்லை.

விடிந்ததும் மேஜை போட்டாள். வேறு வழி தெரியவில்லை. கறுப்புத் துணி, கடை ரொட்டி, ஆரஞ்சு சோடா, அவனுக்குப் பிடித்த காரச் சேமியா. வழிக்குத் தண்ணீர் மொண்டு போக வெங்காயத் தாள், ஊன்றிப் போகக் கரும்பு. படம் மட்டும் இல்லை. சட்டம் போட்ட படத்தை எப்போதோ ஹோர்ட்டென்சியா எடுத்துப்போய்விட்டாள். தன் போனிலேயே அவன் முகத்தைத் திறந்து சர்க்கரை டப்பாமேல் சாய்த்து நிறுத்தினாள். துணிப்பை கதவருகே தயாராக இருந்தது. கதவுக்கு முதுகு காட்டி, அவன் முகத்துக்கு எதிரே உட்கார்ந்தாள். மணி பதினொன்றேகால்.

முக்கால் மணி நேரம். ஒரே ஒரு சொல். அதைச் சொல்லிவிட்டால் எழுந்து போகலாம்.

சன்னல் வழியே விழுந்த வெயில் துணியின்மேல் ஏறி, ரொட்டியைத் தொட்டு, கையைத் தொட்டது. கை சூடாயிற்று. சேமியாவின் ஆவி அடங்கியது. பக்கத்து வீட்டில் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள், ஒரே ராகம், ஏறாமல் இறங்காமல். தூங்கக் கூடாது. தொடையைக் கிள்ளினாள். தூங்கக் கூடாது. போன் வெளிச்சம் மங்கியது, தொட்டு ஏற்றினாள். மறுபடி மங்கியது. தொட்டாள். கை கனத்தது. தூங்கக்…

விடிகாலை. வாசல். செவேரோ கையில் வண்டிச் சாவி. எங்கோ மணி அடிக்கிறது, அவனுக்கு நேரமாகிவிட்டது. அவள் பாதித் தூக்கத்தில் கதவைப் பிடித்துக்கொண்டு, பதினொரு வருடம் சொன்னதைச் சொல்கிறாள்.

“போயிட்டு வாங்க.”

விழித்தபோது கன்னத்தில் மேஜைத் துணியின் மடிப்பு பதிந்திருந்தது. சர்க்கரை டப்பாமேல் போன் இருண்டு கிடந்தது. பக்கத்து வீட்டில் செபம் முடிந்து தட்டுகள் ஒலித்தன, யாரோ சிரித்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டு இருபது. மூச்சை இழுத்துப் பார்த்தாள். டீசல் இல்லை, மிட்டாய் இல்லை. வெறும் வெங்காய வாசனை.

போய்விட்டான். அவள் ‘போங்க’ என்று சொல்லாமலே போய்விட்டான். அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பஸ்ஸுக்கு நேரம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது.

போன் அதிர்ந்தது. ஃபெர்மின்.

‘தூங்கறியா? இத எடுத்தது யாரு? உன்கூட யாரு இருக்கா?’

அதற்கு மேலே, அவள் பேரில் போன ஒரு படம். 12:04.

பின்னாலிருந்து எடுத்தது. கவிழ்ந்து தூங்கும் ஒரு பெண்ணின் முதுகு, பின்னல். ரொட்டி. கரும்பு. சர்க்கரை டப்பா. டப்பாமேல் சாய்ந்து, இருண்ட திரையோடு, அவளுடைய போன்.

இதே போன். படத்துக்குள் இருக்கிறது. அப்படியென்றால் படம் எடுத்த போன்?

வலது மூலையில் மங்கலாக ஒரு கட்டைவிரல். நகத்தடியில் ஈர மண்.

கனவில் சொன்னதா அது? இல்லை, வாய்விட்டுச் சொன்னதா?

போன் அதிர்ந்தது. இரண்டாவது படம். 12:21. அவள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். கையில் போன். தலை குனிந்திருந்தது. இன்னும் கிட்டத்திலிருந்து. மூலையில் விரல்.

மணி 12:21.

திரும்பக் கூடாது. கதவு பின்னால்தான். பை பின்னால்தான்.

டீசல்.

கூரை டக்கென்றது. ஒருமுறை.

படத்தின் கீழே எழுத்துகள் வந்தன. ‘நான் வந்ததுகூடத் தெரியல உனக்கு.’

மூன்றாவது படம். முழுக்க அவள் பிடரி. மூலையில் விரல் இல்லை. விரல் படத்துக்குள் இருந்தது, அவள் பின்னலின்மேல்.