நலம் முதலில், இழவு கடைசியில்

"பூமிக்கும் காய்ச்சல் வருமாம்மா?" என்று கதிகாவின் மகள் ஒருமுறை கேட்டாள். பதினொரு நாளாக அந்தக் காய்ச்சல் தணியவில்லை. ஒரு பகலில் முப்பது, நாற்பது தடவை அஃபார் பாலைவனம் நில அதிர்வில் ஈ மொய்த்த ஒட்டகத்தோல் போலச் சிலிர்த்து அடங்கியது. பாய்க் குடிசைகள் சாயாததால் யாரும் பெரிதாகப் பயப்படவில்லை. தொலைந்த ஒட்டகத்தைத் தேடிப் போன அவள் கணவன் யாயோதான் இரண்டு இரவாகத் திரும்பவில்லை.

தோல்பையில் தண்ணீரைச் சுமந்து, கருங்கல் வெளியில் அவனைத் தேடி நடந்தவளுக்கு உச்சி வெயிலில் ஒரு ஆள் தெரிந்தான். ஏதோ சரியில்லை. உட்கார்ந்திருப்பவனைவிடவும் குள்ளமாக இருந்தான். நெருங்க நெருங்கக் கந்தக நெடியும், அதற்கடியில் அப்போதுதான் அறுத்த ஆட்டின் வாடையும் மூக்கில் ஏறின. யாயோவின் கூட்டாளி தெர்சா. மேல்துணியைத் தன்னைச் சுற்றித் தரையில் பரப்பியிருந்தான்.

"என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி குந்திட்டீங்க? எந்திரிச்சுக் கை குடுக்க மாட்டீங்களா?"

"கோவிச்சுக்காத தங்கச்சி. முதல்ல சேதி பேசிக்கலாம்."

கணவனைப் பற்றிக் கேட்க அவள் நாக்கு துடித்தது. ஆனால் வழியில் சந்தித்தவர்கள் முழுச் சேதியும் பேசாமல் நகரக்கூடாது. நலம் முதலில், இழவு கடைசியில். குறுக்கே பேசுவது மரியாதையில்லை. இறைவன் பெயரைச் சொல்லி அவன் வாயில் தண்ணீர் ஊற்றினாள். அது சிவந்து தாடியில் வழிந்தது. வெயில் அவனைத் தின்றிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

யார் ஒட்டகம் குட்டி போட்டது, எந்தக் கிணறு ஊறியது என்று அவன் நிதானமாகச் சொல்லத் தொடங்கினான். அவள் அமர்ந்திருந்த கல்லுக்கடியில் எங்கோ மூன்று தட்டல்கள் கேட்டன. நிலநடுக்கம்தான். மறுபடி மூன்று. நிலம் எண்ணி எண்ணி நடுங்குமா? அவன் வடக்கே பெய்த மழையைச் சொன்னான். இரண்டு தட்டல். யாருக்கோ நிச்சயமான திருமணத்தைச் சொன்னான். ஒன்று. உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள்.

பிறகு எதுவும் கேட்கவில்லை.

"நேத்து மத்தியானம் நிலம் வாயப் பொளந்துச்சு. யாயோவும் நானும் உள்ள விழுந்தோம். உப்பு வெளியில ஒருதடவை என் பங்குத் தண்ணிய அவனுக்குக் குடுத்தேன். அந்தக் கடனச் சொல்லிக்கிட்டே என்னைத் தோள்மேல ஏத்தித் தள்ளினான். பாதி வந்தேன். மூடிக்கிச்சு."

"அவரு?"

"இப்பக்கூட தட்டிக்கிட்டு இருந்தானே."

அவன் தலை தொங்கியது. கதிகா துணியை இழுத்தாள். இடுப்புக்குக் கீழே பாறை. உறைந்த ரத்தம். தோண்டினாள். நகங்கள் பிய்ந்தன. யாயோவின் பெயரைக் கூவிக்கொண்டே தோண்டினாள்.

நிலம் குலுங்கியது. எலும்பு நொறுங்கும் சத்தம். வெடிப்பு ஒரு முழம் திறந்தது.

செத்தவன் உயர்ந்தான்.

ஒரு சாண். இன்னொரு சாண். மேலிருந்து இழுப்பவர் யாருமில்லை. அவள் புழுதியில் முகம் புதைத்தாள். அடுத்த குலுக்கல். ஏதோ பொத்தென்று விழுந்தது. பாறை பாறையோடு மோதியது.

அமைதி.

கண் திறந்தாள். தெர்சா முழுதாக வெளியே கிடந்தான். அவன் பாதங்களுக்கருகே, மூடிய வெடிப்பிலிருந்து இரண்டு கைகள். மணிக்கட்டு வரை. தோல் உரிந்து, உள்ளங்கை மேலே பார்த்து, இன்னும் ஏந்தியபடி.

விரல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன.