எட்டாவது சீட்டு

எங்கள் வீட்டில் என் மூக்கைப் பற்றிக் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. பால் நாளைக் காலையில் திரியும் என்றால் இன்று ராத்திரியே எனக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட என்னிடம் கல்லூரி அலுவலகத்து கிளார்க் ஒரு துருப்பிடித்த சாவியை நீட்டி, நாடகக் குழுவுக்கு இந்த வருஷம் பின்கட்டிடத்துக் கூடம்தான் என்றார்.

"வேற ரூமே இல்லையா சார்?"

"இருக்கும்மா. அதுல எல்லாம் படிக்கிற பிள்ளைங்க உக்காந்திருக்காங்க."

நாங்கள் படிக்காத பிள்ளைகள் என்பதை எவ்வளவு நாசூக்காகச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டு சாவியை வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கட்டிடம் எங்கள் கைக்கு வருவதற்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரிக்குச் சொந்தமாக இருந்தது. பிணங்களை அறுத்துப் பாடம் நடத்திய கூடம் அது. காலி செய்துவிட்டுப் போனவர்கள் அலமாரி, ஜாடி, நாற்காலி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். நடுவில் இருந்த ஒரு கல் மேடையை மட்டும் தூக்க முடியாமல் விட்டிருந்தார்கள். ஓர் ஆள் படுக்கும் நீளம். ஓரம் நெடுக விரல் ஆழத்துக்கு ஒரு வாய்க்கால், கால்மாட்டில் ஓர் ஓட்டை, அதற்கு நேர் கீழே தரையில் இரும்புச் சல்லடை. கதவைத் திறந்ததும் ஃபினாயில் வாடை அடித்தது. அதற்கு அடியில் இன்னொன்று இருந்தது. அழுகல் என்று சொல்ல முடியாது, மருந்து என்றும் சொல்ல முடியாது, லேசாக இனித்தது. மூக்கில் நுழைந்து தொண்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தேன்.

"அக்கா, கட்டில் ரெடியா இருக்கு பாரு" என்று என் தங்கை அந்தக் கல்லின்மேல் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டினாள்.

எங்கள் நாடகத்தில் கட்டில் தேவைதான். ஒரு வீட்டில் அம்மா செத்துப்போகிறாள். பிள்ளைகள் பொறுப்பை ஆளுக்கு ஆள் தள்ளிவிட்டு ஐம்பது நிமிஷம் சண்டை போடுகிறார்கள். பிணம் நடுவிலேயே கிடக்கிறது. போன வருஷம் இதே நாடகத்தைப் போட்டியில் போட்டோம். பிணமாகப் படுத்தவன் நெட்டையன். பாதி நாடகத்தில் தும்மிவிட்டான். அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு என் காதைவிட்டுப் போகவே இல்லை. இந்த வருஷம் நான் இயக்குநர். நெட்டையனை மூத்த மகனாக்கிவிட்டு, முதலாம் ஆண்டில் சேர்ந்திருந்த என் தங்கையைப் பிணமாகப் போட்டேன். மகா வாயாடி. ஆனால் நான் சொன்னால் கேட்பாள்.

"அவள உன்னை நம்பித்தான் அந்தக் காலேஜ்ல சேர்த்தேன். பத்திரமா பாத்துக்கோ" என்று அம்மா சொல்லியிருந்தாள். சரி என்று நானும் தலையாட்டியிருந்தேன்.

போன வருஷத் தோல்விக்குப் பிறகு குழுவில் ஒரு வழக்கம் கொண்டுவந்திருந்தேன். தினமும் ஒத்திகை முடிந்ததும் ஏழு பேரும் வட்டமாக உட்கார வேண்டும். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதத்தில், பெயர் போடாமல், இன்றைக்கு எது சரியில்லை என்று ஒரே ஒரு குறையை எழுதி பிஸ்கட் டப்பாவில் போட வேண்டும். நான் படிப்பேன். யார் எழுதியது என்று கேட்கக் கூடாது. எதிர்த்துப் பேசக் கூடாது. சீட்டில் இருப்பதை மறுநாள் செய்துகாட்ட வேண்டும். பெயர் தெரிந்தால் சண்டை வரும், தெரியாவிட்டால் நாடகம் வளரும் என்பது என் கணக்கு.

முதல் நாள் மாலை டப்பாவில் எட்டு சீட்டு இருந்தது.

யாரோ ஆர்வக்கோளாறில் இரண்டு போட்டுவிட்டார்கள் என்று விட்டுவிட்டேன். ஏழு சீட்டிலும் வழக்கமான புலம்பல். நெட்டையன் வசனத்தை விழுங்குகிறான், இளைய மகனாக வரும் சோடாபுட்டி முதுகைக் காட்டிக்கொண்டு அழுகிறான், இப்படி. எட்டாவது சீட்டு ஈரமாக இருந்தது. தண்ணீர் ஈரம் இல்லை, பிசுக்கு. பிரிக்கும்போது விரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது.

'இமைக்குள் கண் உருள்கிறது. இறந்தவர்களுக்கு உருளாது.'

"நியாயமான பேச்சு" என்றான் சோடாபுட்டி. எல்லோரும் தலையாட்டினோம். நான் விரலைச் சுவரில் தேய்த்தேன், பிறகு கைக்குட்டையில் தேய்த்தேன். அந்த இனித்த வாடை வீடு வரைக்கும் கூட வந்தது.

மறுநாள் தங்கையின் கண் உருளவில்லை. அன்றும் எட்டு சீட்டு.

'வாய் மூடியிருக்கிறது. தாடை தொங்க வேண்டும். பாதங்கள் வெளிப்பக்கம் சாய வேண்டும்.'

மூன்றாம் நாள் தாடையைத் தொங்கவிட்டுப் படுத்தாள். நடுவில் ஒரு ஈ வந்தது. அவள் கன்னத்தில் உட்கார்ந்து கையைத் தேய்த்துக்கொண்டது, உதட்டில் நடந்தது, வாய்க்குள் போனது. அவள் அசையவில்லை. சற்று நேரம் கழித்து ஈ மெதுவாக வெளியே வந்து, ஈரமான இறக்கையோடு நாடியில் நடந்தது. அவள் வாயோரத்தில் வழிந்த எச்சில் கல்லின் வாய்க்காலில் சொட்டியது.

சொல்லவே கூசுகிறது. நான் கை தட்டினேன். மற்ற ஐந்து பேரும் தட்டினார்கள்.

"அக்கா, கல்லு முதுகுல ஒட்டிக்குதுக்கா" என்றாள் அவள், பேருந்து நிறுத்தத்துக்கு நடக்கும்போது. "எழுந்திருக்கும்போது யாரோ புடிச்சு இழுக்கிற மாதிரி இருக்கு."

"வேர்வைடி. நாளைக்கு ஒரு போர்வை போட்டுக்கலாம்."

மறுநாள் சீட்டு, போர்வை வேண்டாம் என்றது.

அன்றுதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. போர்வையைக் கொண்டுவர நான் மறந்திருந்தேன், கூடத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியது நானும் அவளும், அதுவும் தெருவில். உடனே டப்பாவைக் கழுவித் துடைத்து, இன்னொரு தடவை ஏழு காகிதத்தை நானே எண்ணிக் கொடுத்தேன். எல்லோரும் என் கண்முன்னே எழுதி, என் கண்முன்னே போட்டார்கள். மூடினேன். திறந்தேன்.

எட்டு.

கடைசிச் சீட்டின் மடிப்பில் ஒரு நீண்ட முடி சிக்கியிருந்தது. முடியின் வேரில் அரிசி அளவுக்கு வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. நான் டப்பாவோடு கீழே போட்டேன்.

"இது நம்ம யாரும் எழுதினது இல்ல" என்றேன். "நாளையிலேர்ந்து இங்க வேண்டாம். மரத்தடியில ஒத்திகை வெச்சுக்கலாம்."

நெட்டையன்தான் குனிந்து சீட்டை எடுத்தான்.

"யார் எழுதினா என்ன? நீதானே ரூல் போட்ட, யாருன்னு கேக்கக் கூடாதுன்னு. இதுவரைக்கும் சொன்னதுல ஒண்ணாவது தப்பா? நாலு நாள்ல நாடகம் எங்கேயோ போயிடுச்சு. போன வருஷம் மாதிரி மறுபடி ஊரே சிரிப்பாச் சிரிக்கணுமா?"

சிரிப்பு என்ற அந்தச் சொல்லிலேயே நான் விழுந்தேன். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு படித்தான்.

'அவள் தனியாகப் பழக வேண்டும். ஒரு மணி நேரம். நீங்கள் எல்லோரும் வெளியே போங்கள்.'

தங்கை என் முகத்தைப் பார்த்தாள். "நான் செய்யறேன்க்கா. ஒரு மணி நேரம்தானே" என்றாள்.

வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. மறுநாள் மூன்று மணிக்கு அவளைக் கல்லில் படுக்கவைத்து, பாதங்களை நானே வெளிப்பக்கம் சாய்த்துவிட்டு, காதருகே குனிந்து சொன்னேன்.

"நான் வந்து போதும்னு சொல்ற வரைக்கும் எழுந்திருக்காத. என்ன ஆனாலும்."

"சரிக்கா."

கதவைச் சாத்திவிட்டு எதிர்க் கடையில் டீ குடித்தோம். வெயில் சுள்ளென்று அடித்தது. நெட்டையன் பரிசுக் கோப்பையை எந்த இடத்தில் வைத்துப் படம் எடுப்பது என்று திட்டம் போட்டான். நானும் சிரித்தேன். நான்கு மணிக்குத் திரும்பினோம்.

கதவு திறந்திருந்தது. வாசலிலேயே தங்கை நின்றிருந்தாள்.

"அறிவிருக்கா? நான் வந்து சொல்றதுக்குள்ள யார் எழுந்திருக்கச் சொன்னா?" என்று திட்டினேன். உள்ளே போய்க் கல்லைப் பார்க்கக்கூட இல்லை. அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பிவிட்டேன்.

வழி முழுக்க அவள் ஒரு வார்த்தை பேசவில்லை.

அந்த வாயாடி அன்றிரவு சாப்பாட்டுத் தட்டை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளி வைத்தாள். படுத்தவள் விடியும்வரை புரளவில்லை. காலையில் அவள் படுத்திருந்த விரிப்பில் தலை, தோள், குதிகால் என்று மஞ்சளாக ஓர் ஆள் அளவுக்குக் கறை. பாத்ரூம் சல்லடையில் முடி கொத்துக் கொத்தாக அடைத்திருந்தது. குச்சியால் எடுத்தேன். முடியோடு ஒரு நகமும் வந்தது, முழு நகம். அங்கேயே வாந்தி எடுத்தேன். போட்டி முடிந்ததும் டாக்டரிடம் காட்டலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ரெண்டு நாளா நல்லா அடங்கி இருக்கா" என்றாள் அம்மா மறுநாள். "நாடகம் கீடகம்னு நீ செஞ்சதுல இது ஒண்ணுதான் உருப்படி."

போட்டி வேறொரு கல்லூரி அரங்கில் நடந்தது. திரை விலகியபோது மரக்கட்டிலில் அவள் கிடந்தாள். பவுடர் கேட்கவில்லை, மை கேட்கவில்லை. ஐந்தாவது நிமிஷத்தில் முன்வரிசையில் ஒருவர் கைக்குட்டையை எடுத்தார். பத்தாவது நிமிஷத்தில் இரண்டாவது வரிசை காலியானது. நடுவர்கள் மூவரும் மூக்கை மூடிக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு பெண்மணி அழுதுகொண்டே வெளியே ஓடினார். வாடைக்கு என்ன செய்தீர்கள் என்று பரிசு கொடுக்கும்போது மூத்த நடுவர் என்னிடம் கேட்டார். முதல் பரிசு எங்களுக்குத்தான்.

மேடைக்குப் பின்னால் நெட்டையன் டப்பாவை எடுத்தான். "கடைசி வட்டம். பழக்கத்தை விடக் கூடாது" என்றான். எல்லோரும் எழுதிப் போட்டோம். எண்ணினேன். இரண்டாவது முறையும் எண்ணினேன்.

ஏழு.

ஒரு வாரமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது. அந்தச் சனியன் கூடத்தோடு போயிற்று என்று நினைத்தேன். ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் சந்தோஷமான சீட்டுகள்.

ஏழாவது என் விரலோடு ஒட்டியது.

'இன்று குறை ஒன்றும் இல்லை. உன் தங்கை இன்னும் கல்லில்தான் படுத்திருக்கிறாள். நீ வந்து சொல்லவே இல்லை.'

நிமிர்ந்து பார்த்தேன். எதிரில் அவள் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல்நுனிகள் விளக்கு வெளிச்சத்தில் பளபளத்தன. தாடை மெல்ல இறங்கித் தொங்கியது.

நான் எழுந்து ஓடினேன். பேருந்து பிடித்து, சாவியைத் திருப்பத் தெரியாமல் திருப்பி, அந்தக் கூடத்துக்குள் விழுந்தேன். கல் மேடை வெறுமையாக இருந்தது. ஜன்னல் வழியே சாயங்கால வெளிச்சம் அதன்மேல் விழுந்திருந்தது. ஈகூட இல்லை.

கையை நீட்டினேன்.

கல் வரைக்கும் போகவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது.

உள்ளங்கைக்குக் கீழே வெதுவெதுப்பாக ஏதோ இருந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. என் கை மெல்ல மேலே ஏறியது. மெல்லக் கீழே இறங்கியது. மறுபடி ஏறியது.

"போதும்டி" என்றேன். "போதும். எழுந்துரு. அக்கா வந்துட்டேன்."

மூச்சு வேகமானது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி, அழுபவளின் வயிறாகக் குலுங்கியது. ஆனால் யாரும் எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்க வேண்டிய உடம்பு வேறெங்கோ பரிசுக் கோப்பையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது.

இருட்டும்வரை கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு தினமும் மூன்று மணிக்குப் போகிறேன். போதும் என்று சொல்லாத விதம் இல்லை. என்னைப் பார்த்தால் எனக்கே குமட்டுகிறது. அந்த வெதுவெதுப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துவருகிறது.

நேற்று வீட்டுக்கு வந்தபோது தங்கையின் உடம்பில் இருப்பவள்தான் கதவைத் திறந்தாள். பல நாளைக்குப் பிறகு முதல்முறையாகப் பேசினாள். என் வலது கைப் பக்கம் குனிந்து முகர்ந்தவள், சட்டென்று முகத்தைச் சுளித்து மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவ்வளவு அருவருப்பை நான் எந்த முகத்திலும் பார்த்ததில்லை.

"சீ. உயிரோட இருக்கிறதோட நாத்தம்" என்றாள். "போய்க் கழுவிட்டு வா."

நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.