நீச்சல் தெரியாத மூவர்

பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்குக் கடற்கரை நடனக்கூடத்தின் பூட்டைத் திறந்தான் சுறா. சுறா என்ற பட்டம் அவனே சூட்டிக்கொண்டது. முழங்காலளவு தண்ணீரைத் தாண்டாத சுறா. பின்னால் நின்ற டிரம்மருக்கு அதை நினைத்துச் சிரிப்புகூட வரவில்லை.

அலைமேல் பலகையில் சறுக்குவதைக் கொண்டாடும் ராக் இசைக்குழு என்று அவர்களுக்குப் பெயர். மூவரில் ஒருவனுக்கும் நீச்சல் தெரியாது. ஆனாலும் ஒரே பாட்டுக்குக் கரையோர ஊர்களெல்லாம் ஆடின. இவர்கள் தலைகால் தெரியாமல் ஆடினார்கள். இரண்டாவது ஆல்பத்தின் அட்டைப்படத்துக்கு மூவரும் கடலுக்குள் நிற்க வேண்டும் என்றான் சுறா. பேஸ் கிதார் வாசித்தவன், டிரம்மரின் தங்கை கணவன், வேண்டாமென்று கெஞ்சினான். அலை இழுத்தபோது அவன் கை மேலே நீண்டது. பிடிக்கும் தூரம்தான்.

"அசையாத, படம் எடுக்கிறாங்க," என்றான் சுறா.

டிரம்மர் அசையவில்லை.

ஆல்பம் விலைபோகவில்லை. குழுவும் மண்ணைக் கவ்வியது. பன்னிரண்டு வருடம் கழித்துச் சுறாவுக்கு மறுபடி மேடை ஆசை.

"செத்தவன் படத்தைப் பெருசா பின்னாடி மாட்டுவோம். ஜனம் அழும்."

"உனக்கு வெட்கமே இல்லையா?"

"நீயும்தானே வந்திருக்க."

வந்துதான் இருந்தான்.

கூடத்தில் மின்சாரம் வெட்டி வெகுநாளாயிற்று. சுறா வெறும் தந்திகளை மீட்டினான். டிரம்மர் தூசி படிந்த தோலில் தாளம் தட்டினான்.

மூன்றாவது சுற்றில் தரை அதிர்ந்தது.

பேஸ் கிதார்.

இருவரும் நிறுத்தினார்கள். அது நிற்கவில்லை.

மூலையிலிருந்த ஸ்பீக்கர் பெட்டியின் துணி, மூச்சு விடுவதுபோல் உப்பிச் சுருங்கியது. அழுகிய கடற்பாசியின் நாற்றம். துணி வழியே தண்ணீர் கசிந்தது.

உள்ளிருந்து ஐந்து விரல்கள் துணியைத் தள்ளின.

சுறா மண்டியிட்டு டிரம்மரைக் கை காட்டினான். "இவன்தான் பக்கத்துல நின்னான். இவன்தான் பிடிச்சிருக்கணும்," என்று முனகினான்.

டிரம்மர் ஓடினான். பின்னால், காய்ந்த தரையில், யாரோ தண்ணீர் குடித்துத் திணறும் சத்தம். திரும்பிப் பார்க்கவில்லை. அது அவனுக்குப் பழகிய வேலை.

தங்கை வீட்டில்தான் போய் நின்றான். இன்றாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும். கதவைத் தட்டினான்.

திறந்தவள் அண்ணனைப் பார்க்கவில்லை. அவன் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். முகம் மெல்ல மலர்ந்தது.

"வாங்க," என்றாள்.

அண்ணனை அவள் ஒருநாளும் 'வாங்க' என்று அழைத்ததில்லை.

ஒதுங்கி வழிவிட்டாள். ஈரமான ஏதோ ஒன்று அவன் தோளை உரசிக்கொண்டு உள்ளே போனது.

பிறகு அவன் முகத்துக்கு நேரே கதவு சாத்தப்பட்டது.