பியானோவுக்குள் ஒரு தொப்பி

பியானோவைத் தேசம்மாதான் கெடுத்துவிட்டாள் என்று பாட்டு டீச்சர் சொல்லிவிட்டார்.

“துடுப்புப் போடுற மாதிரி அடிச்சா எந்தப் பியானோ தாங்கும்? எந்தக் கட்டையைத் தொட்டாலும் டக்கு டக்குன்னு சத்தம். சனிக்கிழமை ஆண்டுவிழாவுல நீ வாசிக்க வேணாம். நான் ஆர்மோனியம் போட்டுக்கறேன்.”

தேசம்மா சாந்தோம் குப்பத்துப் பெண். அவள் அம்மா அந்தோணியம்மாள் மீன் விற்பவள். வேறு யார் வாசித்திருந்தாலும் டீச்சர் துடுப்பைப் பற்றிப் பேசியிருக்க மாட்டார். பக்கத்தில் நின்ற தோழி சகினாவுக்கு அது நன்றாகப் புரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

வெளியே வந்ததும் தேசம்மா சொன்னாள்: “சனிக்கிழமை கூடையே தூக்க மாட்டேன்னு எங்கம்மா சொல்லிக்கீது. நான் வாசிக்கிறதை ஒரு தபா கேக்கணுமாம். இப்ப அதுகிட்ட இன்னான்னு சொல்றது?”

சகினாவின் அத்தா ஷரஃபுதீனுக்கு ஆர்மோனியம், பியானோ ரிப்பேர்தான் வேலை. மறுநாள் தலைமை ஆசிரியையான சிஸ்டர் அவரைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டார். பியானோவின் கட்டைகளை அவர் ஒவ்வொன்றாகத் தூக்கி வைத்தார். கீழே ஒரே தூசி. தூசிக்குள் ஒரு புழு நெளிந்தது.

“யாரும் கெடுக்கல, சிஸ்டர்” என்றார் அத்தா. “ஒவ்வொரு கட்டைக்கும் அடியில கனமான கம்பளியில ஒரு சின்ன வட்டம் இருக்கும். மெத்தை மாதிரி. நடுக் கட்டைகளுக்கு அடியில இருந்ததையெல்லாம் பூச்சி தின்னுட்டுது. இப்ப மரத்து மேல மரம் இடிக்குது. அதான் சத்தம்.”

“கேட்டீங்களா டீச்சர், பூச்சி” என்றாள் சகினா. டீச்சருக்கு அப்போது பார்த்துத்தான் ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது.

“சரி பண்ணிட்டா தேசம்மாவே வாசிக்கட்டும்” என்றார் சிஸ்டர்.

ஆனால் அந்தக் கம்பளி கப்பலில் வர வேண்டும். உலகச் சண்டைக் காலம், கப்பலே வருவதில்லை. அத்தா ஒரு பழைய போர்வையை வெட்டி வைத்துப் பார்த்தார். சேற்றில் கால் வைத்ததுபோல் கட்டை உள்ளே அமுங்கிப் போயிற்று.

அன்று சாயங்காலம் பீர் முஹம்மது மாமு வீட்டுக்கு வந்தார். மாமு வருவதற்கு முன்னால் அவருடைய தொப்பி வரும். அவ்வளவு உயரம். கருப்புக் குஞ்சம் வைத்த சிவப்புத் துருக்கித் தொப்பி. தொப்பியை ஆணியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தார். ஆணி ஆடியது. தொப்பி நழுவிக் கீழே இருந்த பித்தளைத் தாம்பாளத்தில் விழுந்தது.

சத்தமே இல்லை.

சகினா அதை எடுத்தாள். அமுக்கிப் பார்த்தாள். நல்ல கனம். அமுங்கியது, ஆனால் உடனே நிமிர்ந்துகொண்டது.

“அத்தா, இது கம்பளிதானே?”

அத்தா தொப்பியைப் பார்த்தார். மாமு அத்தாவைப் பார்த்தார்.

“மச்சான், அப்படிப் பாக்காதீங்க. என் தலையைக் கேளுங்க, தர்றேன். தொப்பியைக் கேக்காதீங்க. ஐதராபாத்துத் தொப்பி.”

அத்தா சகினாவின் காதருகே குனிந்தார். “சாப்பிட்டு ஒரு தூக்கம் போடுவாரு. அப்ப பாத்துக்கலாம்.”

“வேணாம் அத்தா. கேட்டுத்தான் வாங்கணும்.” அவள் மாமுவின் முன்னால் போய் உட்கார்ந்தாள். “மாமு, உங்க தொப்பியில பின்பக்கம் ஒரு ஓட்டை கீது.”

“ஓட்டையா?”

“ரொம்ப நாளா. சொன்னா மனசு கஷ்டப்படுவீங்கன்னு அம்மா சொல்லக்கூடாதுன்னாங்க.”

உள்ளே அம்மாவின் கையிலிருந்து கரண்டி விழுந்தது.

மாமு தொப்பியைத் திருப்பினார். அவருடைய சுண்டுவிரல் ஓட்டையில் சுளுவாகப் போய்வந்தது. “இதைப் போட்டுக்கினா ரெண்டு கல்யாணத்துக்குப் போனேன்?”

“உங்க தொப்பியைத் தின்ன அதே மாதிரிப் பூச்சிதான் எங்க பியானோவையும் தின்னுச்சு. ஆனா திட்டு வாங்கினது தேசம்மா.” சகினா எல்லாவற்றையும் சொன்னாள்.

“பூச்சி தின்னதுக்குப் பொண்ணையா திட்டுனாங்க? யார் பொண்ணு அது?”

“மீன் விக்கிற அந்தோணியம்மா பொண்ணு.”

“வஞ்சிரம் கொண்டாருமே, அந்த அந்தோணியம்மாவா?” மாமு தொப்பியின் தூசியைத் தட்டினார். குஞ்சத்தைப் பிய்த்துச் சகினாவிடம் கொடுத்தார். தொப்பியை அத்தாவின் மடியில் வைத்தார். “நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். சீக்கிரம் வெட்டுங்க.”

அத்தா வட்டம் வட்டமாக வெட்டினார். ஓட்டையைச் சுற்றி இருந்ததை மட்டும் தூர எறிந்தார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் பள்ளிக்கூடத்துக்குப் போய் எல்லாவற்றையும் கட்டைகளுக்கு அடியில் பொருத்தினார். இனிப் பூச்சி வராமலிருக்க உள்ளே கற்பூரமும் வைத்தார்.

சனிக்கிழமை தேசம்மா வாசித்தாள். டக்கும் இல்லை, டுக்கும் இல்லை. பாட்டு மட்டும் கேட்டது. அவளுடைய பின்னல் நுனியில் கருப்புக் குஞ்சலம் ஒன்று தாளத்துக்கு ஆடியது. சகினாதான் கட்டிவிட்டிருந்தாள்.

கடைசி வரிசையில் அந்தோணியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாதாரண வெள்ளைத் தொப்பியோடு உட்கார்ந்திருந்த மாமு அவள் பக்கம் சாய்ந்தார்.

“உள்ள இருக்கிறது என் தொப்பி. ஜடையில ஆடுறது என் குஞ்சம். வாசிக்கிற பொண்ணு மட்டுந்தாம்மா உன்னுது.”